மூன்றாம் நடைமேடைக் கதவு

மூன்றாம் நடைமேடையின் கோடியில், கூரை முடிகிற இடத்தில், ஒரு கதவு நின்றது. கதவென்றால் வெறும் கதவுதான். அதற்கு முன்னாலும் பெட்டி இல்லை, பின்னாலும் பெட்டி இல்லை, பக்கத்தில் சுவர் என்று சொல்ல ஒரு தட்டிகூட இல்லை. எஃகுச் சட்டத்துக்குள் இரண்டு கண்ணாடிப் பலகைகள். பட்டனை அழுத்தினால் உஸ்ஸென்று பெருமூச்சு விட்டுக்கொண்டு இரண்டு பக்கமும் ஒதுங்கும். ஆள் கடந்ததும் இன்னொரு பெருமூச்சு விட்டு மூடிக்கொள்ளும். பட்டனில் வலது கட்டைவிரலை வைத்துக்கொண்டு, நீலச் சட்டை போட்ட ஒருவர் பக்கத்தில் நிற்பார். நிலையத்தில் எல்லோரும் அவரைக் கதவுக்காரர் என்றே கூப்பிட்டார்கள்.

ரயில் இல்லாத இடத்தில் ரயில் கதவுக்கு என்ன வேலை என்று அவரைக் கேட்காதவர் இல்லை. அதற்கு அவரிடம் நீளமான பதில் ஒன்று இருந்தது. அதைச் சொல்லி முடிப்பதற்குள் கேட்டவருடைய வண்டி போய்விடும். சுருக்கமான பதிலும் ஒன்று உண்டு. பெண்டாட்டியோடு ஒரே வீட்டில் இருப்பதற்காக அவர் அங்கே நின்றார். அதை மட்டும் அவர் யாரிடமும் சொன்னதில்லை.

கல்யாணமாகி ஒன்பது வருஷம் ஆகியிருந்தது. அந்த ஒன்பது வருஷமும் அவர் வெளிநாட்டுக் கம்பெனி ஒன்றின் ரயில் கதவுகளை நாடு நாடாகப் போய் விற்றுக்கொண்டிருந்தார். வீட்டுக்கு விருந்தாளி மாதிரி வருவார். பெட்டியிலிருந்து துணிகளை எடுத்து அலமாரியில் அடுக்கி முடிப்பதற்குள் கிளம்ப வேண்டிய நாள் வந்துவிடும். அவர் மனைவி ரயில் நிலையத்துக்கு எதிரே இருந்த மருந்துக் கடையில் மருந்தாளராக இருந்தாள். அழுது ஆர்ப்பாட்டம் பண்ணுகிறவள் அல்ல. ஒரு முறை அவர் வந்து இறங்கிய இரவு, கட்டிலுக்குப் பக்கத்தில் தலையணையோடு நின்றுகொண்டு, “உங்க பக்கம் எதுங்க? எனக்கு மறந்தே போச்சு” என்று கேட்டாள். குத்திக் காட்டியிருந்தால்கூடத் தேவலை. அவள் நிஜமாகவே மறந்து போய்த்தான் கேட்டாள். யோசித்துப் பார்த்தால் அவருக்கும் மறந்திருந்தது.

அந்தச் சமயத்தில்தான் கம்பெனி முதலாளி ஏதோ ஒரு கண்காட்சிக்குப் போயிருந்தார். அங்கே இந்த நாட்டு ரயில்வே அதிகாரிகள் மேடையேறி, எங்கள் தண்டவாளம் உலகத்தைச் சுற்றி வருகிற நீளம், எங்கள் பயணிகள் கடல் மணல் போல, வெளிநாட்டுக் கம்பெனிகளே வாருங்கள், உங்கள் சரக்கைக் கொண்டு வாருங்கள் என்று முழங்கினார்கள். கூடவே படம் போட்டும் காட்டினார்கள். படத்தில் ஒரு கோடு தரையிலிருந்து கிளம்பி கூரையை முட்டிக்கொண்டு நின்றது. முதலாளிக்குத் தலைகால் புரியவில்லை. திரும்பி வந்த கையோடு நம் ஆளைக் கூப்பிட்டு, “உன் நாட்டுச் சந்தை திறந்துவிட்டது, உடனே போ” என்றார்.

நம் ஆள் சட்டென்று பிடித்துக்கொண்டார். “போறேன். ஆனா என்னை எங்க ஊர்லயே போடணும்.”

“கதவு தேறினால் உன் ஊரில் ஆபீஸ், பிறகு தொழிற்சாலை, எல்லாம் உண்டு. வருஷக் கடைசிக்குள் தேறாவிட்டால் கடையைக் கட்டிக்கொண்டு இங்கே வந்து சேர்” என்றார் முதலாளி.

இப்படியாகக் கதவுக்காரர் துள்ளிக் குதித்துக்கொண்டு ஊர் வந்து சேர்ந்தார். பெட்டியைக் காலி செய்து பரண்மேல் ஏற்றிவிட்டு, அடுத்த நாளே ரயில்வே அலுவலகத்துக்குப் போனார். அங்கே ஒரு நீண்ட தாழ்வாரத்தில் எதிரும் புதிருமாக இரண்டு அறைகள் இருந்தன. ஒன்றில் வாங்குகிறவர்கள், மற்றதில் சோதிக்கிறவர்கள். வாங்குகிறவர்கள், “எங்க வண்டியில மாட்டி ஓட்டிப் பாத்த சாமானைத்தான் வாங்குவோம்” என்றார்கள். சோதிக்கிறவர்கள், “வாங்கின சாமானைத்தான் வண்டியில மாட்ட முடியும்” என்றார்கள். கதவுக்காரர் இந்த அறைக்கும் அந்த அறைக்கும் நடந்து செருப்பைத் தேய்த்தார். மத்தியானமானால் இரண்டு அறைக்காரர்களும் தாழ்வாரத்தில் ஒரே மேசையில் உட்கார்ந்து ஒருவர் சாப்பாட்டை ஒருவர் பங்கு போட்டுக்கொள்வார்கள். சாப்பிட்டு முடித்ததும் கையைக் கழுவிக்கொண்டு அவரவர் அறைக்குப் போய் அதே பதிலைச் சொல்வார்கள்.

கடைசியில் வழி சொன்னவர் சோதனை அதிகாரிதான். ஒல்லியான மனிதர். தையற்காரர் மாதிரி எந்நேரமும் கழுத்தில் அளவு நாடா தொங்கும். குரலை உயர்த்த மாட்டார், யாரிடமும் ஒரு டம்ளர் தண்ணீர்கூட வாங்கிக் குடிக்க மாட்டார். சோதனையில் கடுகளவு பிசகினாலும், “முதல்லேர்ந்து” என்று ஒரே வார்த்தை சொல்லிவிட்டுப் போய்விடுவார். அதனால் வெளிநாட்டுக் கம்பெனி ஆட்களெல்லாம் அவருக்கு “முதலிலிருந்து” என்றே பெயர் வைத்திருந்தார்கள். நல்ல மனிதர்தான். நல்ல மனிதராக இருந்ததுதான் தொல்லை. கெட்ட மனிதராக இருந்தால் எப்படியாவது சமாளித்திருக்கலாம்.

அவர் விதிப் புத்தகத்தைப் பிரித்து நிதானமாகப் படித்தார். “சோதனைப் பொருளை, பயணிகளின் அன்றாடப் பயன்பாட்டில், ஒரு லட்சம் முறை இயக்கிப் பார்க்க வேண்டும். இதுல ரயில்னு எங்கயாவது வருதா?”

“இல்ல சார்.”

“பயணிகள் எங்க இருக்காங்க?”

“நடைமேடையில.”

“அப்புறம் என்ன?” என்றார் முதலிலிருந்து.

இப்படித்தான் கதவு மூன்றாம் நடைமேடைக்கு வந்தது. சட்டத்தின் தலையில் ஓர் எண்காட்டி பொருத்தினார்கள். ஒரு லட்சம் வரைக்கும் அது ஓட வேண்டும். யாரையும் கட்டாயப்படுத்தக் கூடாது, கயிறு கட்டித் திருப்பிவிடக் கூடாது, காசு கொடுக்கக் கூடாது. பயணி தன் விருப்பத்தோடு நுழைய வேண்டும். சோதனை தொடங்கும்போது எது எப்படி இருந்ததோ அது கடைசிவரை அப்படியே இருக்க வேண்டும். பாகம் எதையாவது மாற்றினால் எண்காட்டி பூஜ்யத்துக்குப் போகும்.

முதல் நாள் ஒரு ஈ காக்காய்கூட அதில் நுழையவில்லை. ஏன் நுழைய வேண்டும்? பக்கத்தில்தான் பரந்து விரிந்து கிடக்கிறதே நடைமேடை. கதவுக்காரர் நாள் முழுக்க ஒற்றைக்காலில் நின்றதுதான் மிச்சம். இரண்டாம் நாள் அவருக்கு ஒரு யோசனை வந்தது. யாராவது வருவதைப் பார்த்தால் பட்டனை அழுத்தி, கதவு ஒதுங்கும்போது லேசாகத் தலை குனிந்து, “வாங்க வாங்க” என்றார்.

கைப்பையோடு வந்த ஒரு அம்மா நின்றுவிட்டார். தினமும் காலை வண்டியில் அலுவலகம் போகிறவர். “என்னையா கூப்பிட்டீங்க?” என்றார்.

“ஆமாங்க. உங்களைத்தான்.”

“இந்த ஸ்டேஷன்ல இருபது வருஷமா வந்து போயிட்டு இருக்கேன். தள்ளு, நகரு, ஓரமாப் போன்னுதான் சொல்லியிருக்காங்க. வாங்கன்னு ஒருத்தரும் சொன்னதில்ல.” அந்த அம்மா சேலையைச் சரிசெய்துகொண்டு கதவைக் கடந்தார். கடந்த பிறகு திரும்பிப் பார்த்தார். அன்று மாலை வீடு திரும்பும்போது மறுபடி கடந்தார், கூட இரண்டு தோழிகளையும் அழைத்து வந்தார். எண்காட்டி மெல்ல நகரத் தொடங்கியது.

பட்டனை விட்டுப் போக முடியாததால் கதவுக்காரருக்கு மத்தியானச் சாப்பாடு நடைமேடைக்கே வந்தது. மனைவி கடையிலிருந்து சாலையைக் கடந்து, படியேறி இறங்கி, அடுக்கு டப்பாவோடு வருவாள். அவர் கதவின் இந்தப் பக்கம், அவள் அந்தப் பக்கம். நடுவில் ஆள் வந்தால் அவர் இடது கையில் கவளத்தை வைத்துக்கொண்டு வலது கட்டைவிரலால் பட்டனை அழுத்துவார். ஒன்பது வருஷத்தில் இரண்டு பேரும் சேர்ந்தாற்போல ஒரு வாரம் மத்தியானம் சாப்பிட்டதில்லை. இப்போது தினமும் சாப்பிட்டார்கள், நின்றுகொண்டுதான் என்றாலும். கடையில் இருமல் மருந்துக்குச் சண்டை போட்டவர்களைப் பற்றி அவள் சொல்வாள். கதவில் மூக்கை இடித்துக்கொண்டவர்களைப் பற்றி அவர் சொல்வார். இரவில் கட்டிலில் அவரவர் பக்கம் அவரவருக்குப் பழகிப் போனது.

எண்காட்டி பதினோராயிரத்தைத் தாண்டியபோது கதவு ஓடுகிற தடம் கிறீச்சிட்டது. கதவுக்காரர் நல்ல எண்ணத்தில் ஒரு சொட்டு எண்ணெய் விட்டார். முதலிலிருந்து வந்தார், மோந்து பார்த்தார்.

“எண்ணெய் வாசனை வருது.”

“ஒரே ஒரு சொட்டு சார்.”

“நேத்து இல்லையே? முதல்லேர்ந்து.” எண்காட்டியைப் பூஜ்யத்துக்குத் திருப்பிவிட்டு அவர் போய்விட்டார்.

அதற்கப்புறம் மழைக்காலம் வந்தது. கூரை முடிகிற இடம் ஆயிற்றே, சாரல் முகத்தில் அடித்தது. கதவுக்காரர் குடை பிடித்தார். “நேத்து குடை இல்லையே?” என்றார் முதலிலிருந்து. பூஜ்யம். அன்றைக்குக் கதவுக்காரர் நனைந்துகொண்டே நின்று, விதிப் புத்தகம் எழுதினவனை, அவன் அப்பனை, அச்சடித்தவனை எல்லாம் மனசுக்குள் திட்டித் தீர்த்தார். அடுத்த நாளிலிருந்து ஜாக்கிரதையானார். அதே நீலச் சட்டை. அதே செருப்பு. முடி வெட்டினால்கூட அளவு மாறாமல் வெட்டச் சொல்லி முடிதிருத்துகிறவரின் உயிரை எடுத்தார். மனைவி அந்தச் சட்டையைத் தினமும் இரவில் துவைத்துக் காலையில் தேய்த்துக் கொடுத்தாள். “வேற சட்டையே இல்லாத மனுஷன்னு கடையில எல்லாரும் என்னைப் பாவமாப் பாக்கறாங்க” என்றாள்.

இதற்கிடையில் மற்ற வெளிநாட்டுக் கம்பெனிகளுக்கு விஷயம் எட்டிவிட்டது. கதவுக்கு ஒரு வழி என்றால் நமக்கும் ஒரு வழிதானே என்று ஆளாளுக்குத் தங்கள் சரக்கை மூன்றாம் நடைமேடையில் கொண்டு வந்து இறக்கினார்கள். கதவுக்கு அந்தப் பக்கம் ஒரு நாட்டின் இருக்கைகள் வரிசையாக வந்து உட்கார்ந்தன. அவற்றுக்கு மேலே கம்பம் நட்டு இன்னொரு நாட்டின் விளக்குகள் தொங்கின. ஒரு பக்கத்தில் சுவரில்லாமல் ஜன்னல்கள் வந்தன. அவற்றின் வழியாகப் பார்த்தால் எதிர் நடைமேடையின் குப்பைத் தொட்டி அழகாகத் தெரியும். கோடியில் ஒரு கழிவறை. எல்லாவற்றுக்கும் கீழே, இரண்டு முழம் தண்டவாளத்தின் மேல், பிரேக்கோடு கூடிய ஒரு ஜோடிச் சக்கரம்.

பிரேக்குக்காரர்தான் முதலில் தேறினார். சோதனை நடந்த காலம் முழுவதும் அந்தச் சக்கரம் ஒரு நூல்கூட நகரவில்லை. இப்படி ஒரு பிடிப்பை நான் என் உத்தியோகத்திலேயே பார்த்ததில்லை என்று சோதனை அதிகாரியே எழுதிக் கொடுத்தார். பிரேக்குக்காரர் எல்லோருக்கும் இனிப்பு வழங்கிவிட்டு விமானம் ஏறினார்.

கழிவறைக்காரர் பாடுதான் பரிதாபம். வண்டி நிலையத்தில் நிற்கும்போது கழிவறையைப் பயன்படுத்தக் கூடாது என்பது அந்த ரயில்வேயின் மாறாத விதி. இவருடைய கழிவறையோ நிலையத்தில்தான் நின்றது, நின்றுகொண்டேயும் இருந்தது. பயணிகள் ஆவலோடு வருவார்கள், வாசலில் காவலர் தடுத்துத் திருப்பி அனுப்பிவிடுவார். எண்காட்டி பூஜ்யத்திலேயே கிடந்தது. கழிவறைக்காரர் தினமும் அதைத் துடைத்துப் பளபளவென்று வைத்துவிட்டு, பூட்டிய கதவுக்கு முன்னால் கன்னத்தில் கை வைத்து உட்கார்ந்திருப்பார். நம் ஆள்தான் அவருக்குத் தேநீர் வரவழைத்துக் கொடுத்து ஆறுதல் சொல்வார்.

ஆக, ரயிலில் இருக்க வேண்டியதெல்லாம் மூன்றாம் நடைமேடையில் இருந்தது, ரயிலைத் தவிர. ஜனங்களுக்கு அது போதுமாக இருந்தது. கதவு வழியாக ஏறுவார்கள், ஜன்னலோர இருக்கைக்கு அடித்துக்கொள்வார்கள், கொஞ்ச நேரம் உட்கார்ந்து எழுந்து இறங்கிப் போவார்கள். குலுக்கல் இல்லை, புகை இல்லை, எந்நேரமும் காற்று. நிலையத்தில் தாமதமே ஆகாத வண்டி அது ஒன்றுதான் என்று நிலைய அதிகாரி பெருமை அடித்துக்கொண்டார். ஒலிபெருக்கியில் தினமும் காலையில், “மூன்றாவது நடைமேடையில் நிற்கும் வண்டி தொடர்ந்து நிற்கும்” என்று அறிவிப்பு வரும். டிக்கெட் பரிசோதகர் ஏறி வந்து எல்லோருடைய டிக்கெட்டையும் வாங்கிப் பார்ப்பார். எந்த ஊருக்கு டிக்கெட் எடுத்திருந்தாலும் செல்லும் என்றார்.

ஒரே ஒரு தடவை ஒரு பெரியவர் கோபப்பட்டார். “ஒரு மணி நேரமா உக்காந்திருக்கேன், வண்டி கிளம்பவே இல்லையே!” என்று கத்தினார்.

கைப்பை அம்மா எதிர் இருக்கையிலிருந்து திரும்பினார். “ரெண்டாவது பிளாட்பாரத்துல நிக்கிற வண்டி மட்டும் கிளம்பிடுச்சாக்கும்?”

பெரியவர் எட்டிப் பார்த்தார். அதுவும் நின்றுகொண்டுதான் இருந்தது. அங்கே ஜனங்கள் வியர்த்து வழிந்து, ஒருவர் தோளில் ஒருவர் சாய்ந்து, உயிரை விட்டுக்கொண்டிருந்தார்கள். பெரியவர் காலை நீட்டி உட்கார்ந்துகொண்டார்.

எண்காட்டி முப்பதாயிரத்தில் இருந்தபோதுதான் அந்த நாள் வந்தது. மருந்துக் கடையில் அன்றைக்குச் சரக்குச் சரிபார்ப்பு. மனைவியால் வெளியே தலைகாட்ட முடியவில்லை. மத்தியானம் சாப்பாடு வரவில்லை. யாரிடமாவது சொல்லி எதையாவது வாங்கித் தின்றிருக்கலாம்தான். ஆனால் அவருக்குப் பசியைவிட, அந்தப் பக்கம் யாரும் நிற்காதது பெரிய குறையாக இருந்தது. போகிற வருகிற ஆளைப் பார்க்காமல் படிக்கட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். “வாங்க வாங்க” என்பதைக்கூடச் செத்த குரலில் சொன்னார். மூன்று மணி வாக்கில் கட்டைவிரல் தடுமாறியது. கதவு பாதி மூடி, யாரோ ஒருவருடைய பைப் பட்டையைக் கவ்விக்கொண்டு நின்றது.

முதலிலிருந்து அங்கேதான் நின்றார். எத்தனை நேரமாக நின்றார் என்பது அவருக்குத்தான் தெரியும். “அம்மா இன்னிக்கு வரலையா?” என்றார்.

“கடையில வேலை சார். விட மாட்டேங்கறாங்க.”

“நேத்து வந்தாங்களே?”

கதவுக்காரர் பட்டனை மறுபடி அழுத்திப் பைப் பட்டையை விடுவித்தார். “சார், சாப்பாடு வராததுக்கும் கதவுக்கும் என்ன சம்பந்தம்?”

“கதவு சரியா மூடல” என்றார் முதலிலிருந்து. எண்காட்டி பூஜ்யத்துக்குப் போனது.

அன்று மாலை வீட்டில் மனைவியிடம் நடந்ததைச் சொன்னார். வருஷக் கடைசிக்கு இன்னும் ஐந்து மாதம்தான் இருந்தது. மனைவி கேட்டுக்கொண்டே இருந்தாள். திட்டுவாள் என்று நினைத்தார். அவள் எழுந்து போய்ப் பரணைப் பார்த்தாள். பெட்டி அங்கேயே இருக்கிறதா என்று பார்த்தாளோ என்னவோ. “இனிமே ஒரு நாள் தவற மாட்டேன்” என்றாள். அடுத்த நாள் காலையில் கடை முதலாளியிடம் போய், உலகமே தலைகீழானாலும் மத்தியானம் ஒரு மணிக்கு நான் இங்கே இருக்க மாட்டேன், முடிந்தால் வைத்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் கணக்கை முடித்துவிடுங்கள் என்று சொல்லிவிட்டாள். கடை முதலாளி அவளை வைத்துக்கொண்டார்.

அதோடு நிற்கவில்லை அவள். மருந்து வாங்க வருகிறவர்களிடமெல்லாம் மாத்திரையைக் கொடுத்து, “சாப்பாட்டுக்கு அப்புறம் ஒண்ணு, ராத்திரி ஒண்ணு. நேரம் இருந்தா மூணாவது பிளாட்பாரம் போய்க் கதவு வழியா ஒரு நடை நடந்துட்டு வாங்க” என்பாள். மூட்டுவலிக்காரர்கள் வந்தார்கள், சர்க்கரைக்காரர்கள் வந்தார்கள். முதலிலிருந்துக்குச் சந்தேகம் தட்டியது. வரிசையில் நின்ற ஒருவரை மடக்கினார்.

“உங்க விருப்பத்தோடதான் வந்தீங்களா?”

“நடக்கச் சொன்னாங்க. நடக்கறேன்.”

“நடக்கறதுக்கு ஊர்ல தெருவே இல்லையா? இங்க எதுக்கு?”

“தெருவுல யாருங்க என்னை வாங்க வாங்கங்கறாங்க?” என்றார் அவர். முதலிலிருந்து அவரை வரிசையிலேயே விட்டுவிட்டு நகர்ந்தார்.

எண்காட்டி பஞ்சாய்ப் பறந்தது. வருஷத்தின் கடைசி வாரத்தில் கம்பெனி முதலாளியே விமானம் ஏறி வந்து சேர்ந்தார். நடைமேடைக்கு வந்தவர், சுவரில்லாத ஜன்னல்களையும் பெட்டியில்லாத இருக்கைகளையும் பார்த்து வாயைப் பிளந்து நின்றார். பிறகு சுதாரித்துக்கொண்டு ஜன்னலோரமாக ஓர் இடம் பிடித்து உட்கார்ந்தார். அன்று மத்தியானம், மனைவி டப்பாவோடு வந்து நின்ற நேரத்தில், அரைநாள் விடுப்பு முடிந்து அலுவலகத்துக்குக் கிளம்பிய கைப்பை அம்மா கதவைக் கடந்தார். எண்காட்டி ஒரு லட்சத்தைக் காட்டியது. அந்த அம்மா அதைக் கவனிக்கக்கூட இல்லை, அடுத்த வண்டியைப் பிடிக்க ஓடிவிட்டார்.

முதலிலிருந்து நாடாவால் கதவை ஒரு முறை அளந்தார். சட்டத்தைத் தட்டிப் பார்த்தார். மோந்து பார்த்தார். “தேறிடுச்சு” என்றார்.

கழிவறைக்காரர் ஓடிவந்து கதவுக்காரரைக் கட்டிக்கொண்டார். மனைவி அந்தப் பக்கத்தில் டப்பாவை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றாள். முதலாளி எழுந்து வந்து நம் ஆளின் முதுகில் ஓங்கித் தட்டி, தன் பாஷையில் மளமளவென்று பேசினார். பேசி முடித்து, “இதை அதிகாரியிடம் சொல்” என்றார். அவர் பேசுவது இங்கே நம் ஆளுக்கு மட்டும்தான் புரியும்.

கதவுக்காரர் எண்காட்டியை ஒரு தடவை அண்ணாந்து பார்த்தார்.

“என்ன சொல்றாரு?” என்றார் முதலிலிருந்து.

“ரொம்ப சந்தோஷமாம். நானூறு கதவு சப்ளை பண்ணத் தயாராம். அப்புறம்...” கதவுக்காரர் மனைவியைப் பார்க்காமல் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். “என்னைக் கூட்டிட்டுப் போறாராம். கடல் தாண்டி வேற ஒரு நாட்டு ரயில்வே இப்பதான் வெளிநாட்டுச் சாமான் வாங்க ஆரம்பிச்சிருக்காம். இதைவிடப் பெரிய சந்தையாம். இங்க நின்னு ஜெயிச்சவன் அங்கயும் நிப்பான்கறார். ஆபீஸ் இந்த ஊர்ல இருக்கும்னுதானே வாக்குக் கொடுத்தேன், ஆபீஸ் இருக்கும், வேற ஆளைப் போட்டுக்கறேன்கறார். நாளைக்கு ராத்திரி விமானம்.”

தன்னை நாடு கடத்துகிற தீர்ப்பைத் தானே மொழிபெயர்த்துச் சொல்ல வேண்டிய கொடுமை யாருக்கும் வரக் கூடாது. தோற்றாலும் போக வேண்டும், ஜெயித்தாலும் போக வேண்டும் என்றால் எதற்காக மழையில் நனைந்தோம் என்று அவருக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. மனைவியின் முகத்தில் எந்த மாற்றமும் இல்லை. டப்பாவைப் பிடித்திருந்த விரல்கள் மட்டும் வெளுத்துப் போயிருந்தன.

முதலிலிருந்து நாடாவைச் சுருட்டினார். “எந்தப் பாகத்தைக் கூட்டிட்டுப் போறாராம்?”

“பாகம் இல்ல சார். என்னை.”

“நீங்கதான் சார் பாகம். ஒரு லட்சம் தடவையும் பட்டனை அழுத்தினது உங்க கட்டைவிரல்தானே? வாங்கன்னு சொன்னது உங்க வாய்தானே? சோதனையில இருந்தது எல்லாம் தேறின பொருள்ல சேர்ந்தது. எதையும் மாத்தக் கூடாது, பிரிக்கக் கூடாது. பிரிச்சா ஒப்புதல் ரத்து. அவர்கிட்ட சொல்லுங்க.”

கதவுக்காரர் சொன்னார். இந்த முறை வார்த்தை தட்டுத் தடுமாறாமல் வந்தது. முதலாளியின் முகம் சிவந்தது. கையை ஆட்டி ஆட்டிக் கத்தினார்.

“நானூறு கதவுக்கு நானூறு கட்டைவிரலுக்கு எங்க போவேன்னு கேக்கறார் சார்.”

“அது சப்ளை பண்றவங்க பாடு. விரல் மட்டும் போதாதுன்னும் சொல்லுங்க. அம்மாவும் வேணும்.”

“யாரு, நானா?” என்றாள் மனைவி. அவள் கதவைச் சுற்றிக்கொண்டு இந்தப் பக்கம் வந்துவிட்டாள். “என்னை ஒரு வார்த்தை கேக்காம கதவுல சேத்துட்டீங்களா? நான் என்ன நட்டா, போல்ட்டா?”

முதலிலிருந்து முதல் தடவையாக நெளிந்தார். “கோபப்படாதீங்கம்மா. நீங்க வராத அன்னிக்கு நான் மத்தியானம் முழுக்க இங்கதான் நின்னேன். கண்ணாடி நல்லா இருந்தது, மோட்டார் நல்லா இருந்தது, கரண்ட் இருந்தது. இவரு படிக்கட்டையே பாத்துக்கிட்டு நின்னாரு. கதவு மூடல. என்ன குறைன்னு பாத்தா, நீங்க இல்ல. பாத்ததை எழுதாம விட்டா அது சோதனையே இல்லம்மா.”

அவள் டப்பாவைக் கீழே வைத்தாள். பிறகு கேட்டாள், “எத்தனை வருஷத்துக்கு?”

“கதவோட ஆயுள் முப்பத்தஞ்சு வருஷம். அதுவரைக்கும் இவரைத் தனியா, உங்களைத் தனியா எங்கயும் அனுப்ப விதியில இடமில்ல.”

கதவுக்காரர் இதை முதலாளிக்கு மொழிபெயர்க்கத் தொடங்கினார். பாதியிலேயே நிறுத்திவிட்டார். பட்டனில் கட்டைவிரலை வைத்தபடியே, பட்டப்பகலில், அத்தனை பயணிகளுக்கு நடுவில், அவர் விசும்பி விசும்பி அழுதார். முதலாளி எதுவும் புரியாமல் ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். அவருக்குச் சொல்லவும் அங்கே ஆள் இல்லை.

மனைவி பதறிப் போய் அவரை ஒட்டி நின்று, காதோரம் அடிக்குரலில் சொன்னாள். “அழாதீங்க. நேத்து நீங்க அழல. அந்த மனுஷன் பாத்துட்டா என்ன ஆகறது?”

ஒரு சொட்டு எண்ணெயை மோப்பத்திலேயே கண்டுபிடித்த அந்த மனிதர், இரண்டு முழத் தூரத்தில்தான் நின்றார். அவர் சட்டென்று முதுகைத் திருப்பிக்கொண்டு, எதிர் நடைமேடையின் குப்பைத் தொட்டியை நாடாவால் அளக்கப் போய்விட்டார்.